கேமராவைக் கடைசியாக வாங்குங்கள்: சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் பறவை பார்க்க ஒரு வழிகாட்டி

நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தவன். முதலில் தவணையில் கேமரா வாங்கினேன். அப்புறம் பறவைகள் எங்கே இருக்கும் என்று தேடினேன். கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும் என்பது வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. எந்த மாதத்தில் போக வேண்டும் என்பதோ ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது. அந்த ஒரு வருடத்தில் எடுத்த நாலாயிரம் சொச்சம் படங்களில் இன்று என்னிடம் மிச்சமிருப்பது பதினொன்று.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கோ வேடந்தாங்கல் ஏரிக்கோ முதன்முறையாகப் போக நினைக்கிறவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையில் எழுதியிருக்கிறேன். வேறு ஊர்க்காரர்கள் மூன்றாம் படி தொடங்கிப் படித்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

நான் கேமராவோடு முதலில் பள்ளிக்கரணை போனது ஜூன் மாதம், காலை பதினொரு மணிக்கு. நீலத் தாழைக்கோழி நாலைந்து, கொக்கு சில, அவ்வளவுதான். படங்களில் பார்த்த வாத்துக் கூட்டம் எங்கே என்று தேடினேன். அவை அப்போது மத்திய ஆசியாவிலோ சைபீரியாவிலோ குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும்.

வலசை வரும் பறவைகள் செப்டம்பர், அக்டோபரில் வரத் தொடங்கி மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை எப்போது போனாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். என்ன கிடைக்கும் என்பதைத் தண்ணீரின் ஆழம்தான் முடிவு செய்யும்.

வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த பிறகு, நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் நீர்நிலைகள் நிரம்பி நிற்கும். சேற்றில் நடந்து இரை தேடும் உள்ளான்களுக்கு அப்போது கால் வைக்க இடம் இருக்காது. நாமக்கோழி, முக்குளிப்பான், வாத்துகளுக்கு அது நல்ல காலம். ஜனவரி பாதிக்கு மேல் தண்ணீர் இறங்க இறங்க ஓரங்களில் சேற்றுத் திட்டுகள் தெரியும். பவளக்கால் உள்ளான், கொசு உள்ளான், அரிவாள்மூக்கன் எல்லாம் அங்கே இறங்கும். பள்ளிக்கரணையில் பூநாரை பார்க்க ஆசைப்படுகிறவர்களும் தண்ணீர் வற்றத் தொடங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

வேடந்தாங்கலின் கணக்கே வேறு. அங்கே பறவைகள் கூடு கட்ட வருகின்றன. நவம்பர், டிசம்பரில் குச்சி சுமக்கும் காட்சி, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கூட்டில் குஞ்சுகள். மழை பொய்த்த வருடத்தில் ஏரியில் தண்ணீர் நிற்காது, கூடும் இருக்காது. எனவே கிளம்புமுன் அந்த வருட மழை எப்படி என்று பாருங்கள். பழைய படத்தை நம்பிக் காய்ந்த ஏரிக்குப் போய்த் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு பொறி. நீளவால் இலைக்கோழியை அந்த நீண்ட கறுப்பு வாலோடு எடுக்க வேண்டும் என்று பலரும் ஜனவரியில் அலைவார்கள். அந்த வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் வருவது. குளிர்காலத்தில் அதே பறவை மங்கலான பழுப்பில், நீள வால் இல்லாமல் இலைமேல் நடந்துகொண்டிருக்கும். நான் ஏமாந்து திரும்பிய அந்த ஜூனில், பார்க்கத் தெரிந்திருந்தால், நீள வால் இலைக்கோழி அங்கேயே எங்காவது இருந்திருக்கும்!

2. எங்கே போவது

முதல் முறைக்குப் பள்ளிக்கரணை போதும். பெருங்குடி, வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையங்களிலிருந்து ஆட்டோ தூரம்தான். துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலையை ஒட்டி வனத்துறையின் சூழல் பூங்கா இருக்கிறது. சதுப்பை ஒட்டி நடைபாதை, உட்கார இடம் எல்லாம் உண்டு. பூங்காவுக்கு வெளியே, ரேடியல் சாலை ஓரத்திலிருந்தும் நிறையப் பறவைகள் தெரியும். ஆனால் அந்தச் சாலையில் வண்டிகள் பறக்கும். காரை ஓரங்கட்டி இறங்கி, கண்ணை வியூஃபைண்டரில் வைத்தபடி பின்னால் நகர்ந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். சர்வீஸ் சாலையில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

இரண்டாவது, பெரும்பாக்கம். பள்ளிக்கரணைக்குத் தெற்கே, கூட்டம் குறைவு. பறவைகள் சாலைக்கு நெருங்கி வரும் என்பதால் படம் எடுக்கிறவர்களுக்குப் பிடிக்கும்.

மூன்றாவது, வேடந்தாங்கல். செங்கல்பட்டு மாவட்டம், சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்ரோட்டில் மேற்கே திரும்ப வேண்டும். ரயிலில் செங்கல்பட்டு வரை புறநகர் வண்டியில் இருபது ரூபாய்க்குள் போய்விடலாம், அங்கிருந்து பேருந்து. ஆனால் பேருந்தை நம்பினால் காலை வெளிச்சத்தைப் பிடிக்க முடியாது. பேருந்தில் போகிறவர்கள் மாலைக் காட்சிக்குத் திட்டமிடுங்கள். நான்கு மணிக்கு மேல் இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். ஆறு மணி வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேடந்தாங்கல் வரை போனால், பத்து கிலோமீட்டர் பக்கத்தில் கரிக்கிலி பறவைகள் சரணாலயமும் இருக்கிறது. அங்கே கூட்டம் இருக்காது.

பழவேற்காட்டை முதல் வருடம் விட்டுவிடுங்கள். ஏரி மிகப் பெரியது. எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் கூட இல்லாவிட்டால் பூநாரைகள் தொடுவானத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும்.

3. கேமராவுக்கு முன்னால் பைனாகுலர்

பறவையைப் பார்க்கத் தெரியாமல் படம் எடுக்க முடியாது. முதல் மூன்று மாதம் பைனாகுலரோடு மட்டும் போங்கள். 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். விடியற்காலை மங்கலிலும் நன்றாகத் தெரியும். பத்து மடங்கு என்றால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். நல்ல கம்பெனியின் தொடக்க நிலை மாடல் ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் கிடைக்கும்.

ஆன்லைனில் ‘90x’ என்று கொட்டை எழுத்தில் போட்டு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விற்பதைத் தொடாதீர்கள். அப்படி ஒன்றை நான் வாங்கியிருக்கிறேன். அதில் தெரிவது ஒரு கலங்கிய வட்டம், அதன் ஓரத்தில் ஊதா நிறம். இப்போது பக்கத்து வீட்டுப் பையன் அதை வைத்து மொட்டை மாடியில் கப்பல் கேப்டன் விளையாடுகிறான்.

கண்ணாடி போட்டவர்கள் கடைக்கே போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். கண் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட்டுப் பார்த்தால் முழு வட்டமும் தெரிய வேண்டும்.

4. அடையாள அட்டை, சீட்டு, அனுமதி

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ஒரு சரணாலய வாசலில் விடியற்காலை போய் நின்றேன். நுழைவுச் சீட்டுக்குப் பணம் இருந்தது. கேமராவுக்குத் தனிக் கட்டணம், பெரிய லென்ஸ் என்றால் அதற்கு வேறு கட்டணம் என்றார்கள். கையில் ரொக்கம் போதவில்லை, சிக்னல் இல்லாததால் ஃபோனிலும் பணம் போகவில்லை. ஏடிஎம் தேடிப் போய்த் திரும்புவதற்குள் மணி ஒன்பதரை. அன்றைய வெளிச்சம் அதோடு போச்சு.

அதனால் கையில் இருக்க வேண்டியவை:

• ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம், அசலோடு ஒரு நகலும். மாணவர்கள் கல்லூரி அடையாள அட்டையும் கொண்டு போங்கள்.

• ஐந்நூறு ரூபாய் ரொக்கம், சில்லறையாக. கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும். நெட்டில் கிடைப்பது பெரும்பாலும் பழைய விலை.

• திறக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் முந்தைய நாளே ஃபோனில் கேட்டுவிடுங்கள். டிரைபாடுக்கு (கேமராவைத் தாங்கும் முக்காலி) அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

சொந்த ஆசைக்காகப் பார்வையாளர் பாதையில் நின்று படம் எடுக்க இவ்வளவு போதும். பாதையை விட்டு இறங்க வேண்டுமென்றாலோ, ஆவணப்படம், விளம்பரம், ஆய்வு என்றாலோ கதை வேறு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் போக, படம் எடுக்க, ஆராய்ச்சி செய்ய அனுமதி கொடுக்கும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உண்டு. விண்ணப்பக் கடிதத்தில் யார், எதற்காக, எந்தெந்தத் தேதி, எத்தனை பேர், என்னென்ன கருவி என்று ஒரே பக்கத்தில் எழுதி, அடையாள அட்டை நகல், நிறுவனத்தின் கடிதம் இரண்டையும் இணையுங்கள். சம்பந்தப்பட்ட மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் கொடுத்தால், நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லாத கடிதத்தைப் பற்றிப் பிறகு யாரிடமும் பேச முடியாது. அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டு மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். சீசன் தொடங்கிய பிறகு கொடுத்தால் பதில் வரும்போது வாத்துகள் கிளம்பியிருக்கும்.

டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. பள்ளிக்கரணையோ மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கம் வேறு. கூட்டமாக உட்கார்ந்திருக்கும் நீர்ப்பறவைகளுக்கு டிரோன் என்றால் தலைக்கு மேல் வந்து நிற்கும் பருந்து.

சரணாலயம் அல்லாத ஊர் ஏரிகளுக்குச் சீட்டு எதுவும் கிடையாது. ஆனால் அங்கே மீன் குத்தகைக்கு எடுத்தவர்கள் இருப்பார்கள். விடியற்காலையில் பச்சைச் சட்டையும் நீளக் குழாயுமாகக் கரையில் ஒருவன் நின்றால் அவர்களுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும். ஒருமுறை ஒரு பெரியவர் கையில் கழியோடு என்னை நோக்கி வந்தார். “அய்யா, பறவையைப் படம் எடுக்கத்தான் வந்தேன், பாருங்க” என்று திரையைக் காட்டினேன். பாம்புத்தாரா ஒன்று மீனைக் குத்தித் தூக்கிய படம். ரொம்ப நேரம் பார்த்தார். “என் மீனுதான்” என்றார். அப்புறம் அது தினமும் எந்தக் கிளையில் இறக்கை காயவைக்கும் என்று அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். போனதும் முதல் வேலையாகப் போய்ப் பேசிவிடுங்கள்.

5. முந்தின ராத்திரி

பேட்டரி, மெமரி கார்டு எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஏசி. ஏசி அறையில் கிடந்த கேமராவை நேராக எடுத்துக்கொண்டு சென்னைக் காற்றில் இறங்கினால் லென்ஸ் முழுக்கப் பனி படியும். துடைத்தால் மறுபடியும் படியும். அரை மணி நேரம் ஒன்றும் செய்ய முடியாது, சூரியன் உதிக்கும் அந்த அரை மணி நேரம். ராத்திரியே கேமராப் பையை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள்.

உடை மங்கிய பச்சை, காக்கி, பழுப்பு. வெள்ளைச் சட்டை வேண்டாம். செருப்புப் போட்டுப் போகாதீர்கள், சீமைக் கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறும். கொசு மருந்தை வீட்டிலேயே பூசிவிட்டுக் கிளம்புங்கள். கையில் பூசிய மருந்து கேமரா ரப்பரையும் லென்ஸ் பூச்சையும் கெடுக்கும் என்பதால் உள்ளங்கையைக் கழுவிவிடுங்கள்.

ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிப்பது ஆறரை வாக்கில். ஆறே காலுக்கு இடத்தில் இருக்க வேண்டும். வேடந்தாங்கல் என்றால் தாம்பரத்திலிருந்து நாலேமுக்காலுக்காவது வண்டி கிளம்ப வேண்டும்.

6. இடத்துக்குப் போனதும்

முதலில் சூரியன் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், கிழக்கு மேற்காக ஓடும் கரையிலோ சாலையிலோ நின்று வடக்கே பார்த்தால் அநேகமாக நாள் முழுக்க நல்ல வெளிச்சம். தெற்கே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். வீட்டிலேயே மேப்பைத் திறந்து கரை எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துக்கொண்டால் அங்கே போய் நடக்கும் தூரம் பாதியாகக் குறையும்.

அடுத்து, உட்காருங்கள். நின்ற மனிதனைப் பார்த்து எழும் பறவை, உட்கார்ந்து இருபது நிமிடம் அசையாமலிருக்கும் மனிதனுக்குப் பக்கத்தில் மேயும். நான் முதல் வருடம் முழுக்கப் பறவைகளைத் துரத்தினேன். நான் பத்தடி நடந்தால் அவை இருபதடி தள்ளி இறங்கின. இதில் உங்களைக் காட்டிக்கொடுக்க ஒருவர் எப்போதும் இருப்பார், ஆள்காட்டிக் குருவி. கண்ணெதிரே இரண்டு, முட்புதருக்குப் பின்னால் ஒன்று என்று நிற்கும். நீங்கள் ஓர் அடி அதிகம் வைத்ததும் கத்திக்கொண்டே எழும். அது கத்தினால் உள்ளான்கள் எழும், உள்ளான்கள் எழுந்தால் வாத்துகள். அப்படி ஒருமுறை காலி செய்துவிட்ட திட்டில் மறுபடி பறவை இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். ஆள்காட்டி கத்தினால் அந்த இடத்திலேயே நின்று, மெல்ல உட்கார்ந்துவிடுங்கள்.

காரில் போனால் காரே நல்ல மறைவிடம். இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி உள்ளேயே இருங்கள். லென்ஸைத் தாங்க ஒரு பை வேண்டும். கடையில் ஆயிரத்துக்கு மேல் சொல்வார்கள். பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, இரு முனையும் தைத்து, இரண்டு கிலோ கொள்ளு நிரப்பினால் அதே வேலையைச் செய்யும்.

ஒன்பது மணிக்கு மூட்டை கட்டுங்கள். இதை நான் கற்றுக்கொள்ள எண்ணூறு ரூபாய் ஆனது. சில மாதம் என் படங்கள் எதுவுமே கூர்மையாக இல்லை. பறவையின் கண்ணெல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிந்து தெரிந்தது. லென்ஸ் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் கடையில் கொடுத்தேன். பத்து நாள் வைத்திருந்து, பரிசோதனைக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். லென்ஸில் உண்மையிலேயே ஒன்றுமில்லை. நான் எடுத்ததெல்லாம் பத்து மணிக்கு மேல். சேறும் தண்ணீரும் சூடேறியதும் மேலே காற்று அலையடிக்கும், தார்ச் சாலையில் கானல் தெரியுமே அதே சங்கதி. தூரத்துப் பறவைக்கும் உங்களுக்கும் நடுவில் அந்தக் காற்று எல்லாம் இருக்கிறது. எத்தனை லட்ச ரூபாய் லென்ஸாக இருந்தாலும் அதைத் தாண்டாது. வெயில் ஏறிய பிறகு இருபது முப்பதடிக்குள் வரும் பறவையை மட்டும் எடுங்கள்.

7. சரி, இப்போது கேமரா

மூன்று மாதம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் வாங்கலாம். இரண்டு வழி.

ஒன்று, லென்ஸ் கழற்ற முடியாத பெரிய ஜூம் கேமரா. நிக்கான் பி950 போன்றவை. 2000 மில்லிமீட்டருக்குச் சமமான ஜூம். இந்த எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். புதிதாக அறுபதாயிரத்துக்கு மேல், பழையது பாதி விலைக்கும் கிடைக்கலாம். வெளிச்சம் இருந்தால் தூரத்துப் பறவையை அடையாளம் காண இதை அடிக்க ஆளில்லை. மங்கலிலும் பறக்கும் பறவையிலும் திணறும். பார்ப்பதும் பட்டியல் போடுவதும்தான் உங்கள் ஆசை என்றால் இதுவே போதும்.

இரண்டு, லென்ஸ் மாற்றும் கேமரா. கேமராவோடு தரும் 18-55 லென்ஸை வைத்து நீர்நிலையில் ஒன்றும் செய்ய முடியாது. 300 மில்லிமீட்டரிலேயே ஏரி நடுவிலிருக்கும் ஊசிவால் வாத்து மொச்சைக்கொட்டை அளவுதான் வரும். 400-க்குக் குறையாமல் வேண்டும். பலரும் கடைசியில் வந்து சேர்வது 150-600 லென்ஸுக்கு. அது மட்டுமே இரண்டு கிலோ. பழையதாக வாங்கினால், முன்னும் பின்னும் மூடியைக் கழற்றி, செல்ஃபோன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர் லென்ஸ்களில் சாதாரணம். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

செட்டிங் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். தொடக்கத்துக்கு இவ்வளவு: உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500, பறப்பதற்கு 1/1600 அல்லது மேல். அபர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை) முழுக்கத் திறந்து வையுங்கள். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) ஆட்டோ, உச்சவரம்பு 3200. கொக்கு மாதிரி வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்) குறையுங்கள். பின்னணி இருட்டாக இருந்தால் கேமரா ஏமாந்து வெள்ளையைச் சுண்ணாம்பு அடித்த சுவராக்கிவிடும். இறகின் கோடுகள் போய்விட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் திரும்ப வராது.

வீட்டுக்கு வந்ததும் கேமராவைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய் ஆகும். ஜெல் மணிகளின் நீல நிறம் வெளிறி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்குப் பயன்படுத்தாத வாணலியில் சிறுதீயில் வறுத்தால் திரும்ப நீலமாகும்.

8. பெயர் கண்டுபிடிப்பதும் எழுதி வைப்பதும்

மெர்லின் (பறவையின் பெயர் சொல்வது), இ-பேர்ட் (பார்த்ததைப் பதிந்து வைப்பது) இரண்டும் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் செயலிகள், இலவசம். மெர்லினில் இந்தியாவுக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும். ஆனால் அது சொன்னதை அப்படியே எழுதாதீர்கள். கொக்கில் எனக்கு அது பல தடவை தப்பாகச் சொல்லியிருக்கிறது.

வெள்ளைக் கொக்கை எல்லாரும் ஒரே பறவை என்று நினைப்போம். அங்கேயே தொடங்குங்கள். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. குட்டையாக, மஞ்சள் அலகோடு மாட்டின் பக்கத்தில் நடந்தால் உண்ணிக்கொக்கு. மஞ்சள் அலகோடு நெடுநெடுவென்று இருந்தால் வாய்க்கோட்டைப் பாருங்கள். அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணோடு நின்றால் இடைக்கொக்கு. பைனாகுலரில் இந்த வாய்க்கோட்டை முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்த அன்று, ஆறு மாதமாக நான் எழுதி வைத்திருந்த பட்டியலைப் பாதி அடித்தேன்.

இ-பேர்டில் பட்டியல் தொடங்கும்போது நேரமும் தூரமும் தானாகப் பதிவாகும். குறைந்தது பதினைந்து நிமிடம் பாருங்கள். பார்த்த, கேட்ட, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதுங்கள், காக்கையையும் சேர்த்து. அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டு ‘முழுப் பட்டியல்’ என்று குறிப்பது தப்பு. பெருங்கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவைகளை எண்ணி அந்தக் கூட்டம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே அளவை மற்ற இடத்தில் எத்தனை முறை வைக்கலாம் என்று பாருங்கள். புதியவர் அபூர்வப் பறவையைப் பதிந்தால் மதிப்பீட்டாளரிடமிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும். கோபித்துக்கொள்ளாமல் படம் இருந்தால் ஏற்றுங்கள், இல்லையென்றால் நீக்குங்கள். எனக்கு வந்த மூன்று மின்னஞ்சலிலும் அவர்கள் சொன்னதுதான் சரி.

9. செய்யவே கூடாதவை

கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டுமென்று கை தட்டுவார்கள், கல் எறிவார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்க்கிற பறவையை ஒரு படத்துக்காக எழுப்புவது அதன் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்குவது. பக்கத்தில் யாராவது செய்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

ஃபோனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். கூட்டை நெருங்காதீர்கள். ஆள்காட்டி வெட்டவெளித் தரையில் முட்டையிடும், கூழாங்கல்லிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது. கோடையில் நீங்கள் பக்கத்தில் நின்று கோணம் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் தாய் எழுந்து நிற்கும், முட்டை வெயிலில் வேகும். ஆந்தை அடையும் மரம், அரிய பறவையின் கூடு ஆகியவற்றின் இடத்தைப் படத்தோடு போடாதீர்கள். மறுநாள் காலை அங்கே பதினைந்து லென்ஸ் நிற்கும்.

10. முதல் சீசனுக்கு என்ன ஆகும்

கேமரா இல்லாமல் என்றால், பைனாகுலர் ஏழாயிரம், தொப்பி, ஷூ, கொசு மருந்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. பள்ளிக்கரணைக்குப் பத்து நடை, ரயிலும் ஆட்டோவுமாக நடைக்கு இருநூறு. வேடந்தாங்கல் இரண்டு நடை. இரு சக்கர வண்டியில் போய்வரப் பெட்ரோல் நானூறு, வாடகைக் கார் என்றால் மூவாயிரத்துக்குக் குறையாது, நாலு பேர் பங்கு போட்டால் தாங்கும். மொத்தம் பன்னிரண்டாயிரத்தைச் சுற்றி நிற்கும். நான் முதல் வருடம் தொலைத்தது ஒரு லட்சத்துக்கு மேல்.

நேரக் கணக்கு: பைனாகுலரை அக்டோபருக்குள் வாங்கிவிடுங்கள். நவம்பர், டிசம்பரில் வாரம் ஒரு காலை பள்ளிக்கரணை. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகள் நடத்தும் களப்பயணங்களில் ஒன்றிலாவது சேர்ந்துகொள்ளுங்கள். தெரிந்தவர் பக்கத்தில் நின்று “அதோ, அந்தக் கோரைக்கு இடதுபக்கம்” என்று காட்டும் அரை மணி நேரத்துக்கு ஈடு கிடையாது. ஜனவரியில் பொங்கலையொட்டி நான்கு நாள், தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். பதினைந்து நிமிடம் எண்ணி இ-பேர்டில் போட்டால் நீங்களும் அதில் உண்டு. கட்டணமும் முன்பதிவும் தேவையில்லை, மொட்டை மாடியில் நின்றுகூட எண்ணலாம்.